கம்பைலரின் இயக்கநேர நூலகங்களைப் பொதியாக்குதல்: முழுமையான வழிகாட்டி

ஒரு மென்பொருள் எந்தப் பிழையுமின்றிக் கட்டப்பட்டு, பொதியாகி, பயனரின் கணினியில் நிறுவப்பட்ட பிறகும், முதன்முறை இயக்கும்போதே "லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 நூலகத்தில் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 என்ற பதிப்பு இல்லை" என்ற செய்தியோடு நின்றுவிடக்கூடும். அதைவிட மோசமான நிலையும் உண்டு. நிரல் ஒழுங்காகத் தொடங்கி, நெடுநேரம் ஓடி, ஏதோ ஒரு கோப்பு கிடைக்காமல் எக்ஸெப்ஷனை (பிழை நேர்ந்ததை அறிவிக்கும் குறிப்பை) எறியும் அந்தத் தருணத்தில் மட்டும் நிலைகுலைந்து விழும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நிரலை உருவாக்கிய கம்பைலர் எதிர்பார்த்த இயக்கநேர நூலகம் (நிரல் ஓடும்போது அழைக்கும் உதவிச் செயற்கூறுகளின் தொகுப்பு) ஒன்று, அது ஓடும் இடத்தில் ஏற்றப்பட்ட நூலகம் வேறொன்று.

இந்த வழிகாட்டி, ஓர் இயங்குதளத்துக்கோ அதன் பொதிக் களஞ்சியத்துக்கோ மென்பொருளைக் கட்டித் தருபவர்களுக்காக எழுதப்பட்டது. பின்வரும் படிகள் அனைத்தும் ஒரு கொள்கையிலிருந்து பிறப்பவை. களஞ்சியத்தில் கம்பைலர்கள் எத்தனை இருந்தாலும், இயக்கநேர நூலகம் கம்பைலரின் உடைமை அன்று, இயங்குதளத்தின் உடைமை. ஒரு புராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) அதற்கு ஒரே பிரதிதான் இருக்க வேண்டும். அந்தப் பிரதி, அதைச் சார்ந்திருக்கும் எல்லாப் பகுதிகளும் கேட்கும் பதிப்புகளுள் மிகப் புதியதை நிறைவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஜிசிசி, எல்எல்விஎம் ஆகிய இரு கம்பைலர் குடும்பங்களையும், லினக்ஸ் போன்றவை பயன்படுத்தும் எல்ஃப் வடிவ நிரல்கோப்புகளையும் சார்ந்தவை. விண்டோஸ், மேக்ஓஎஸ் பற்றிப் பிற்பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

படி 1: எவை இயக்கநேர நூலகங்கள் என்று பிரித்தறியுங்கள்

கம்பைலர் நம் மூலநிரலின் ஒவ்வொரு வரியையும் நேரடியாக இயந்திரக் கட்டளையாக்கிவிடுவதில்லை. பிராசஸரிடம் நேர்க்கட்டளை இல்லாத வேலை வரும்போது, ஓர் உதவிச் செயற்கூற்றை அழைக்கும் கட்டளையைத் தானாக இட்டுவைக்கிறது. 64 பிட் இயந்திரத்தில் இரண்டு 128 பிட் முழு எண்களை வகுக்கச் சொன்னால், "__யூடிவ்டிஐ3" போன்றதொரு செயற்கூறு அழைக்கப்படும். இப்பெயரை நாம் எங்கும் எழுதியிருக்க மாட்டோம். இவ்வாறு கம்பைலர் தன்னளவில் சார்ந்திருக்கும் செயற்கூறுகளின் தொகுப்பே இயக்கநேர நூலகம்.

ஜிசிசி குடும்பத்தில் இதன் அடித்தளம் லிப்ஜிசிசி. இது இரண்டு பாகங்களாகக் கிடைக்கிறது. நிலையாக (கட்டும்போதே நிரலுக்குள் நகலாக) இணைக்கப்படும் பாகத்தில் எண்கணித உதவிகள் உள்ளன, லிப்ஜிசிசி_எஸ்.எஸ்ஓ.1 என்ற பகிர்வு நூலகத்தில் (ஓடும்போது ஏற்றப்பட்டுப் பல நிரல்கள் பகிரும் கோப்பில்) அவற்றோடு, எக்ஸெப்ஷன் எறியப்படும்போது அழைப்பு அடுக்கைப் படிப்படியாகப் பின்னோக்கி அவிழ்க்கும் பொறியும் உள்ளது. இதன்மேல் சி++ மொழிக்கு லிப்எஸ்டிடிசி++, ஃபோர்ட்ரானுக்கு லிப்ஜிஃபோர்ட்ரான், அதற்குத் துணையாக லிப்குவாட்மேத், ஓபன்எம்பி இணைநிலைக் கணிப்புக்கு லிப்ஜிஓஎம்பி, பிராசஸரால் ஒரே கட்டளையில் செய்ய முடியாத அணுநிலைச் செயல்களுக்கு லிப்அட்டாமிக் ஆகியன அமைகின்றன. எல்எல்விஎம் குடும்பத்தில் இவற்றுக்கு இணையாக கம்பைலர்-ஆர்டி, லிப்அன்வைண்ட், லிப்சி++ஏபிஐ, லிப்சி++, லிப்ஓஎம்பி ஆகியன உள்ளன.

ஜிலிப்சி, மஸ்ல் போன்ற சி நூலகங்கள் இந்தப் பட்டியலில் சேரா. அவை கம்பைலரோடு வருவன அல்ல. ஆயினும் இயக்கநேர நூலகங்கள் அனைத்தும் அவற்றின்மேல் நிற்பதால், இரண்டின் பதிப்புகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கும்.

படி 2: உங்கள் அடித்தளப் பதிப்பை முடிவு செய்யுங்கள்

எல்ஃப் உலகில் ஒத்திசைவு ஒருதிசைப்பட்டது. பழைய நூலகத்தோடு கட்டப்பட்ட நிரல், புதிய நூலகத்தோடு ஓடும். புதிய நூலகத்தோடு கட்டப்பட்ட நிரல், பழைய நூலகத்தோடு ஓடும் என்ற உறுதி இல்லை. இந்த உறுதியைத் தருவது சிம்பல்களுக்கு (நூலகம் வெளிக்காட்டும் செயற்கூறு, மாறி ஆகியவற்றின் பெயர்களுக்கு) இடப்படும் பதிப்புக் குறிகள்.

லிப்எஸ்டிடிசி++ இதற்கு மிகச் சிறந்த சான்று. 2004-ல் வெளிவந்த ஜிசிசி 3.4 முதல் இன்றுவரை அதன் எஸ்ஓநேம் (பகிர்வு நூலகத்துக்குள் எழுதப்பட்டு, ஓடும்போது அதைத் தேட உதவும் பெயர்) ".எஸ்ஓ.6" என்றே நிற்கிறது. ஒவ்வொரு பெரிய வெளியீட்டிலும் புதிதாகச் சேரும் சிம்பல்களுக்கு மட்டும் புதிய பதிப்புக் குறி தரப்படுகிறது. ஜிசிசி 4.9-ல் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.20, 5.1-ல் 3.4.21, 8.1-ல் 3.4.25, 11.1-ல் 3.4.29, 12.1-ல் 3.4.30, 14.1-ல் 3.4.33 என்று அது வளர்ந்து வந்துள்ளது. ஒரு நிரல் 12.1-ல் புதிதாக வந்த ஒரே ஒரு சிம்பலைத் தொட்டாலும், முழு நிரலும் 3.4.30-ஐக் கேட்கும். அதே நிரல் அந்தச் சிம்பலைத் தொடாவிட்டால், அதே கம்பைலரால் கட்டப்பட்டும் பழைய கணினியில் ஓடிவிடக்கூடும். "நேற்று ஓடியது, இன்று ஒரு சிறு திருத்தத்துக்குப் பின் ஓடவில்லை" என்ற முறையீடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுவே இருக்கிறது.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, நீங்கள் ஆதரிக்கப்போகும் மிகப் பழைய இயங்குதள வெளியீடு எது என்பதே. அந்த வெளியீட்டிலோ, அதன் நகலான ஒரு தனித்த சூழலிலோ பொதியைக் கட்டுங்கள். பைத்தான் உலகின் "மெனிலினக்ஸ்" ஏற்பாடு இதைத் துல்லியமாக எழுதிவைத்துள்ளது: மெனிலினக்ஸ்2014 என்ற குறியைப் பெறும் பொதி, ஜிலிப்சி_2.17, ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.19, ஜிசிசி_4.8.0 ஆகிய குறிகளைத் தாண்டக் கூடாது. உங்கள் களஞ்சியத்துக்கும் இத்தகைய உச்சவரம்பை எழுத்தில் வையுங்கள். வாய்மொழி உடன்பாடு இரண்டாவது பராமரிப்பாளர் வந்ததும் மறைந்துவிடும்.

சி நூலகத்தின் இரண்டு எல்லைக்கோடுகளை நினைவில் வைப்பது நல்லது. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் மெம்காப்பி செயற்கூறு ஜிலிப்சி_2.14 என்ற புதிய குறியைப் பெற்றது. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34, லிப்பித்ரெட் உள்ளிட்ட தனி நூலகங்களை லிப்சிக்குள்ளேயே சேர்த்ததோடு, நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூற்றுக்கும் புதிய குறியிட்டது. எனவே 2.34 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பின்மேல் கட்டப்பட்ட நிரல், எவ்வளவு எளியதாக இருப்பினும், பழைய அமைப்புகளில் தொடங்கவே தொடங்காது.

படி 3: கட்டிய கோப்பு உண்மையில் எதைக் கேட்கிறது என்று படியுங்கள்

கட்டும் கட்டளைகளைப் பார்த்து ஊகிக்க வேண்டாம், கோப்பையே கேளுங்கள். ரீட்எல்ஃப் கருவியைக் கொண்டு டைனமிக் பகுதியைப் பார்த்தால், "நீடட்" என்ற வரிகளில் நேரடியாகத் தேவைப்படும் நூலகங்களின் எஸ்ஓநேம்களும், இருந்தால் "ஆர்பாத்" அல்லது "ரன்பாத்" தேடுபாதைகளும் தெரியும். அதே கருவியின் பதிப்புத் தகவல் பகுதி, ஒவ்வொரு நூலகத்திடமிருந்தும் எந்தெந்தப் பதிப்புக் குறிகள் கோரப்படுகின்றன என்பதைக் காட்டும். அவற்றுள் உச்சமானதைப் படி 2-ல் வகுத்த வரம்போடு ஒப்பிடுங்கள்.

வரம்பு மீறியிருந்தால், எந்தச் சிம்பல் மீறச் செய்தது என்று தேட வேண்டும். ஆப்ஜ்டம்ப் அல்லது என்எம் கருவியால் டைனமிக் சிம்பல் பட்டியலை எடுத்து, அந்தக் குறியுள்ள வரியை மட்டும் வடிகட்டி, சி++ஃபில்ட் கருவியால் பெயரைப் படிக்கத்தக்கதாக்கினால், குற்றவாளி பெரும்பாலும் ஒன்றிரண்டு செயற்கூறுகளாகவே இருக்கும். சிலவேளை மூலநிரலில் ஒரு வரியை மாற்றினாலே போதும்.

எல்டிடி கருவியைப் பலர் முதலில் நாடுகிறார்கள். அது நீங்கள் அமர்ந்திருக்கும் கணினியில் இப்போது எவை கிடைக்கின்றன என்பதையே சொல்கிறது. பயனரின் கணினியில் எவை கிடைக்கும் என்று சொல்வதில்லை. மேலும் அது கோப்பை உண்மையாகவே ஏற்ற முயலக்கூடும் என்பதால், நம்பகமற்ற கோப்புகளின்மேல் இயக்கக் கூடாது.

படி 4: பதிப்புக் குறிகள் காட்டாத முரண்களைத் தேடுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். குறி பொருந்தாவிட்டால், நிரலையும் நூலகங்களையும் நினைவகத்துக்குக் கொண்டுவரும் "ஏற்றி" (லோடர்) உடனே மறுத்துவிடுவதால் அது நல்ல தோல்வி. குறி பொருந்தியும் நினைவக அமைப்பு பொருந்தாவிட்டால் எவரும் எச்சரிக்க மாட்டார்கள்.

2015-ல் வந்த ஜிசிசி 5.1, சி++ சரத்தையும் (எழுத்துத் தொடரைத் தாங்கும் வகை) பட்டியலையும் புதிதாக வடிவமைத்தது. எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் பழைய சரத்தை சி++11 தரம் தடை செய்ததும், பட்டியலின் அளவை நிலையான நேரத்தில் சொல்ல வேண்டும் என்று அது விதித்ததும் இதற்குக் காரணம். 64 பிட் அமைப்பில் பழைய சரம் வெறும் 8 பைட் சுட்டி. புதியது 32 பைட். எஸ்ஓநேமை மாற்றாமல் இரண்டையும் ஒரே நூலகத்தில் வைத்து, புதியவற்றை "__சிஎக்ஸ்எக்ஸ்11" என்ற உள்பெயர்வெளியில் இட்டார்கள். எதைப் பயன்படுத்துவது என்பதை "_ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ" என்ற மேக்ரோ, கட்டும் நேரத்தில் முடிவு செய்கிறது.

ஒரு செயற்கூறு சரத்தை நேரடியாக அளபுருவாகப் பெற்றால், அதன் சிம்பல் பெயரிலேயே அந்த உள்பெயர்வெளி வந்துவிடும். இரண்டு வகையும் கலந்தால் இணைப்பி (பொருட்கோப்புகளை ஒன்றாக்கும் கருவி) பிழை காட்டி நின்றுவிடும். ஆனால் சரத்தை உறுப்பாகக் கொண்ட ஒரு கட்டமைப்பை அந்தச் செயற்கூறு பெற்றால், சிம்பல் பெயரில் கட்டமைப்பின் பெயர் மட்டுமே இருக்கும். இணைப்பு வெற்றிகரமாக முடியும். ஓடும்போது ஒரு பக்கம் 8 பைட் என்றும் மறுபக்கம் 32 பைட் என்றும் நினைத்துக்கொண்டு ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று அழித்துவிடும். டெபியன் 2015-ல் இந்த மாற்றத்தைக் கடந்தபோது, பாதிக்கப்பட்ட சி++ நூலகப் பொதிகளின் பெயரில் "வி5" என்ற ஒட்டைச் சேர்த்து, பழையதும் புதியதும் கலக்காதவாறு சார்புகளைப் பிரித்தது. உழைப்பு மிகுந்த வழிதான். ஆனால் இத்தகைய மாற்றத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான வழியை நான் அறியேன். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-க்கான டெவ்டூல்செட் கம்பைலர்களோ, பழைய அமைப்பையே தொடர்ந்து பயன்படுத்தி, புதிய செயற்கூறுகளை மட்டும் நிலையாக இணைத்து, அடித்தள லிப்எஸ்டிடிசி++-ஐத் தொடாமல் விட்டன.

இதே வகையில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஜிசிசி 8-ல் சி++17 கோப்பு முறைமைச் செயற்கூறுகள் தனியான நிலை நூலகத்தில் இருந்தன. ஜிசிசி 9 அவற்றை முதன்மைப் பகிர்வு நூலகத்துக்குள் கொண்டுவந்தது. சி++17-க்கான ஆதரவு ஜிசிசி 9-க்கு முன்புவரை சோதனை நிலையிலேயே இருந்ததால், 8-ல் சி++17 முறையில் கட்டிய பொருட்கோப்புகளைப் பிந்தைய பதிப்பில் கட்டியவற்றோடு இணைக்கக் கூடாது. அந்தப் பொதிகளை மறுகட்டுங்கள். ஃபோர்ட்ரானில், ஜிசிசி 8 எழுத்துச் சரங்களின் நீளத்தைக் கடத்தும் மறைவான அளபுருவின் வகையை அகலப்படுத்தியது. லிப்ஜிஃபோர்ட்ரானின் எஸ்ஓநேம் 7-ல் ".எஸ்ஓ.4" ஆகவும், 8-ல் ".எஸ்ஓ.5" ஆகவும் மாறியதால் நூலகத்தைப் பொறுத்தவரை குழப்பம் இல்லை. ஆனால் சி மொழியிலிருந்து ஃபோர்ட்ரானை நேரடியாக அழைக்கும் லாபேக் வகை நேரியல் இயற்கணித நூலகங்களில், அழைக்கும் பக்கத்து முன்னறிவிப்புகளையும் சரிபார்க்க வேண்டும்.

நூலகத்தின் இரு பதிப்புகளுக்கு இடையே இரும இடைமுகம் (கட்டிய கோப்புகள் ஒன்றையொன்று அழைக்கும் முறையும் நினைவக அமைப்பும்) மாறியதா என்று பார்க்க, லிப்அபிகெய்ல் தொகுப்பிலுள்ள அபிடிஃப் கருவி உதவும். வழுநீக்கத் தகவலோடு கட்டிய கோப்புகளைத் தந்தால், எந்தக் கட்டமைப்பின் அளவு மாறியது என்பதுவரை சொல்லும்.

படி 5: இயக்கநேர நூலகத்தைக் கம்பைலர் பொதியிலிருந்து பிரியுங்கள்

ஒரு களஞ்சியத்தில் ஜிசிசி 11, 12, 13 மூன்றும் இருக்கலாம். மூன்றும் தத்தம் லிப்ஜிசிசி_எஸ்.எஸ்ஓ.1-ஐத் தத்தம் அடைவுகளில் நிறுவினால், பெயர் ஒன்று, உள்ளடக்கம் மூன்று என்றாகிவிடும். ஏற்றி, ஒரு புராசஸுக்குள் ஒரே எஸ்ஓநேமை இருமுறை ஏற்றுவதில்லை. முதலில் எது வந்ததோ அதுவே பின்னால் வரும் எல்லாருக்கும்.

ஃப்ரீபிஎஸ்டி பயனர்கள் நெடுங்காலம் எதிர்கொண்ட ஒரு பிழை இதைத் தெளிவாக விளக்கும். அந்த இயங்குதளத்தின் அடித்தளத்தில் ஒரு லிப்ஜிசிசி_எஸ்.எஸ்ஓ.1 உண்டு, போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து நிறுவும் ஜிசிசி, வேறு அடைவில் தன்னுடையதை வைக்கும். பைத்தான் போன்ற ஒரு நிரல் முதலில் ஏதேனும் சி++ நீட்சியை (ஓடும்போது சேர்க்கும் கூடுதல் பகுதியை) ஏற்றும்போது அடித்தளத்தின் நூலகம் உள்ளே வந்துவிடும். பின்னர் ஃபோர்ட்ரானைச் சார்ந்த எண்கணித நீட்சி ஏற்றப்படும்போது, லிப்ஜிஃபோர்ட்ரான் "ஜிசிசி_4.6.0" என்ற குறியைக் கேட்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நூலகத்தில் அந்தக் குறி இல்லை. இரண்டாவது நீட்சியில் சரியான தேடுபாதை எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை, தேடலே நடப்பதில்லை. நீட்சிகளை ஏற்றும் வரிசையை மாற்றினால் பிழை மறைந்துவிடுவதால், காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பலர் தடுமாறினார்கள்.

சரியான ஏற்பாடு இதுதான். இயக்கநேர நூலகங்களைத் தனிப் பொதியாக்குங்கள். களஞ்சியத்திலுள்ள ஜிசிசி பதிப்புகளுள் மிகப் புதியதிலிருந்து மட்டும் அந்தப் பொதியைக் கட்டி, ஏற்றி இயல்பாகத் தேடும் அடைவில் நிறுவுங்கள். பழைய கம்பைலர்களும் அந்த ஒரே பிரதியையே பயன்படுத்தட்டும். பின்னோக்கிய ஒத்திசைவு இதற்கு இடம் தருகிறது. உபுண்டு 22.04 இவ்வாறே இயங்குகிறது: அதன் இயல்புக் கம்பைலர் ஜிசிசி 11, ஆனால் லிப்எஸ்டிடிசி++ பொதி ஜிசிசி 12-லிருந்து கட்டப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பொறுப்பு கூடுகிறது. புதிய ஜிசிசியைக் களஞ்சியத்தில் சேர்க்கும் நாளில், எவரும் அதை இயல்புக் கம்பைலராக ஏற்காவிட்டாலும், எல்லாருடைய சி++ நிரல்களும் புதிய லிப்எஸ்டிடிசி++-ன்மேல் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே கம்பைலரைச் சோதிப்பதற்கு முன் இயக்கநேரப் பொதியைச் சோதியுங்கள். லிப்ஜிஃபோர்ட்ரான் போல எஸ்ஓநேம் மாறியவற்றுக்கு இந்த ஒற்றைப் பிரதி விதி, ஒவ்வோர் எஸ்ஓநேமுக்கும் தனித்தனியே பொருந்தும்.

படி 6: தேடுபாதைகளைக் கட்டுப்படுத்துங்கள்

இயக்கநேர நூலகம் இயல்பு அடைவில் இருந்தால், பொதிகளில் தேடுபாதை எழுதத் தேவையே இல்லை, எழுதப்பட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். கட்டும் கணினியின் தற்காலிக அடைவு தேடுபாதையில் தங்கிவிடுவது பாதுகாப்புக் குறையும்கூட. பேட்ச்எல்ஃப் கருவியால் அதை அழிக்கலாம்.

தவிர்க்க இயலாமல் எழுத நேர்ந்தால், ஆர்பாத்துக்கும் ரன்பாத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து தேர்ந்தெடுங்கள். ஆர்பாத், எல்டி_லைப்ரரி_பாத் சூழல் மாறிக்கு முன்பே பார்க்கப்படும்; அந்த நிரல் இழுத்துவரும் நூலகங்களின் சார்புகளுக்கும் பொருந்தும். ரன்பாத் அந்த மாறிக்குப் பிறகே பார்க்கப்படும். அது எழுதப்பட்ட கோப்பின் நேரடிச் சார்புகளுக்கு மட்டுமே பொருந்தும். நிரலில் ரன்பாத் எழுதிவிட்டு, அதன் நூலகத்தின் நூலகம் கிடைக்கவில்லையே என்று வியப்பவர்கள் இந்த இரண்டாவது பண்பை மறந்தவர்கள்.

மென்பொருளோடு பழைய லிப்எஸ்டிடிசி++ பிரதியைச் சேர்த்துக்கட்டி அனுப்பும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வரைகலை நிரல்களில் அது எளிதில் உடைகிறது. நிரல் தன் பழைய பிரதியை முதலில் ஏற்றிக்கொள்ளும். பின்னர் இயங்குதளத்தின் வரைகலை இயக்கி, தான் சார்ந்த எல்எல்விஎம் நூலகத்தோடு உள்ளே வந்து, புதிய பதிப்புக் குறியைக் கேட்டு, கிடைக்காமல் தோற்றுவிடும். பயனருக்குத் தெரிவதெல்லாம் இயக்கி ஏற்றப்படவில்லை என்ற செய்தி மட்டுமே. சேர்த்துக்கட்டியே தீர வேண்டுமெனில், தொடங்கும் நேரத்தில் இரு பிரதிகளின் பதிப்பையும் ஒப்பிட்டு, புதியதைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கநிரலையும் உடன் வையுங்கள்.

படி 7: நிலை இணைப்பை எங்கே ஏற்பது என்று வரையறுங்கள்

ஜிசிசியில் லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ இரண்டையும் நிரலுக்குள்ளேயே நிலையாக இணைக்கும் விருப்பங்கள் உண்டு. வெளியே சி++ நூலகம் எதையும் சாராத, நீட்சிகளை ஏற்றாத, தனித்து நிற்கும் கருவிக்கு இது ஏற்ற தீர்வு. பகிர்வு நூலகங்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரு நூலகம் எறியும் எக்ஸெப்ஷனை இன்னொரு நூலகம் பிடிக்க வேண்டுமெனில், இரண்டும் பகிர்வு வடிவ லிப்ஜிசிசியைப் பயன்படுத்த வேண்டும் என்று ஜிசிசியின் ஆவணமே சொல்கிறது. மேலும், உள்ளே அடைக்கப்பட்ட சிம்பல்கள் வெளியே தெரியுமாறு விடப்பட்டால், அவை வேறொரு பிரதியின் சிம்பல்களோடு கலந்து, ஒரு பிரதி உருவாக்கிய பொருளை மற்றொரு பிரதி அழிக்க நேரிடும். இணைப்பிக்குப் பதிப்புக் கட்டளைக் கோப்பு (வெர்ஷன் ஸ்கிரிப்ட்) ஒன்றைத் தந்து, வெளியே தெரிய வேண்டிய சிம்பல்களை மட்டும் அனுமதிப்பது இதற்கு மருந்து.

உரிமம் பற்றி ஒரு குறிப்பு. லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ ஆகியவை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின்கீழ் இருந்தாலும், 2009-ல் வெளியிடப்பட்ட இயக்கநேர நூலக விலக்குரிமை 3.1, அவற்றை இணைத்த நிரல் வேறு உரிமத்தில் இருப்பதற்கு இடம் தருகிறது. லிப்குவாட்மேத்துக்கு அந்த விலக்குரிமை இல்லை. அது எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. ஃபோர்ட்ரான் நிரலை முழுவதும் நிலையாக இணைப்பவர்கள் இதைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள்.

படி 8: இரு குடும்பங்கள் கலக்கும் எல்லைகளைக் காவல் செய்யுங்கள்

எல்எல்விஎம் குடும்பத்தின் கிளாங் கம்பைலரைப் பயன்படுத்துவதாலேயே எல்எல்விஎம் நூலகங்கள் வந்துவிடுவதில்லை. லினக்ஸில் அது பொதுவாக லிப்எஸ்டிடிசி++, லிப்ஜிசிசி ஆகியவற்றையே நாடுகிறது. இது நல்லதே. ஒரு சிறு இடைவெளி மட்டும் உண்டு: 128 பிட் எண்களைப் பெருக்கி மிகைவழிவை (விடை ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போவதை) சோதிக்கும்போது கிளாங் "__மியூலோடிஐ4" என்ற செயற்கூற்றை அழைக்கலாம். அது கம்பைலர்-ஆர்டியில் உள்ளது, லிப்ஜிசிசியில் இல்லை. இணைப்பி இப்பெயரைச் சொல்லி நின்றால், அந்தப் பொதிக்கு மட்டும் கம்பைலர்-ஆர்டியின் நிலைப் பாகத்தைச் சேர்த்தால் போதும். அடுக்கை அவிழ்க்கும் பொறியை மாற்ற வேண்டாம்.

அந்தப் பொறியை இரட்டிப்பதுதான் உண்மையான ஆபத்து. லிப்ஜிசிசி_எஸ், எல்எல்விஎம் லிப்அன்வைண்ட் இரண்டும் "_அன்வைண்ட்_" என்று தொடங்கும் ஒரே பெயர்களில் செயற்கூறுகளைத் தருகின்றன. உள்ளே தரவைச் சேமிக்கும் முறை வேறு. ஒரு பொறி தொடங்கிய அவிழ்ப்பை மற்றொன்று தொடர நேர்ந்தால் புராசஸ் வீழ்ந்துவிடும். லிப்சி++, லிப்எஸ்டிடிசி++ இரண்டும் ஒரே புராசஸில் இருப்பது தன்னளவில் பிழையன்று, வகைப்பெயர்கள் வேறு உள்பெயர்வெளிகளில் உள்ளன. எல்லையைத் தாண்டி சி++ சரங்களோ எக்ஸெப்ஷன்களோ போகாமல், சி மொழி இடைமுகம் மட்டும் இருக்க வேண்டும். லிப்ஜிஓஎம்பி, லிப்ஓஎம்பி இரண்டும் சேர்ந்தால் இரண்டு தனித்தனி இழைக்கூட்டங்கள் உருவாகி ஒரே பிராசஸர் கருக்களுக்குப் போட்டியிடும். ஆகவே சி++ இடைமுகத்தை வெளிக்காட்டும் எல்லா நூலகங்களையும் ஒரே சி++ நூலகத்தோடு கட்டுவது களஞ்சியத்தின் விதியாக இருக்கட்டும்.

படி 9: சார்புகளைப் பொதியின் தகவலில் பதியுங்கள்

ஆர்பிஎம் அமைப்பு, கோப்பைப் படித்து, எஸ்ஓநேமோடு பதிப்புக் குறியையும் சேர்த்தே சார்பாக எழுதிவிடுகிறது. போதாத நூலகம் உள்ள கணினியில் நிறுவலே நடக்காது. டெபியனில் டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் கருவி, நூலகப் பொதியோடு வரும் சிம்பல் பட்டியலைப் பார்த்துக் குறைந்தபட்சப் பதிப்பைக் கணக்கிடுகிறது. உங்கள் அமைப்பில் இத்தகைய தானியங்கி இல்லாவிட்டால், படி 3-ல் கண்ட உச்சக் குறியைப் பொதியின் குறைந்தபட்சப் பதிப்பாக மாற்றும் சிறு நிரலை எழுதுங்கள். கையால் எழுதும் சார்பு அடுத்த கம்பைலர் மாற்றத்தில் பொய்த்துவிடும்.

படி 10: வெற்றுச் சூழலில் சோதியுங்கள்

கம்பைலர் நிறுவப்படாத, ஆதரிக்கப்படும் மிகப் பழைய வெளியீட்டில் பொதியை நிறுவி ஓட்டுங்கள். ஜிலிப்சி அமைப்புகளில் எல்டி_டீபக் சூழல் மாறிக்கு "லிப்ஸ்" என்ற மதிப்பைத் தந்தால், எந்த நூலகம் எந்தப் பாதையிலிருந்து ஏற்றப்பட்டது என்பது வரிவரியாகத் தெரியும். ஒரே பெயர் இரு பாதைகளில் வருகிறதா என்று பாருங்கள். நிரல் தொடங்குவதோடு நிறைவடையாமல், எக்ஸெப்ஷன் எறியப்படும் வழியையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்: இல்லாத கோப்பைத் திறக்கச் சொல்லலாம், பிழையான உள்ளீட்டைத் தரலாம். நீட்சிகள் உள்ள நிரலாயின், ஏற்றும் வரிசையை மாற்றியும் சோதியுங்கள்.

விண்டோஸ், மேக்ஓஎஸ்

விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் 2022 வரையான கருவித்தொகுப்புகள் ஒன்றோடொன்று ஒத்திசைவானவை. ஆனால் நிறுவப்படும் மறுவிநியோக நூலகம், நிரலின் எப்பகுதியையும் கட்டிய கருவித்தொகுப்பைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. 2022-ன் 17.10 வெளியீட்டில் மியூடெக்ஸ் பூட்டின் உருவாக்கி மாற்றப்பட்டதால், தங்களோடு பழைய எம்எஸ்விசிபி140 நூலகத்தைச் சேர்த்து அனுப்பிய நிரல்கள் பூட்டைத் தொட்டதும் வீழ்ந்தன. மேக்ஓஎஸில் லிப்சி++ இயங்குதளத்தோடே வருகிறது; அங்கே கவனிக்க வேண்டியது இலக்குப் பதிப்பு. எடுத்துக்காட்டாக, சி++17 கோப்பு முறைமைச் செயற்கூறுகளை மேக்ஓஎஸ் 10.15-க்கு முந்தைய இலக்குக்குப் பயன்படுத்த முடியாது; கம்பைலரே தடுத்துவிடும்.

படி 11: பழையவற்றை ஓய்வுபெறச் செய்தல்

பழைய கம்பைலரைக் களஞ்சியத்திலிருந்து நீக்குவது எளிது. அதன் இயக்கநேர எஸ்ஓநேமை நீக்குவது அவ்வளவு எளிதன்று. லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.3 போன்ற ஒன்றை எடுக்கும் முன், களஞ்சியத்தின் எல்லாக் கோப்புகளிலும் "நீடட்" வரிகளைத் தேடி, அதைக் கேட்கும் பொதிகளை மறுகட்டுங்கள். களஞ்சியத்தில் ஒருவரும் கேட்காத நிலை வந்த பிறகும், பயனர்கள் தாமே கட்டி வைத்திருக்கும் நிரல்கள் அதைச் சார்ந்திருக்கும். அவை உங்கள் தேடலில் தென்படா. எனவே அந்த நூலகத்தை மட்டும் கொண்ட ஒரு ஒத்திசைவுப் பொதியைக் குறைந்தது அடுத்த முழு வெளியீடுவரை வைத்திருந்து, நீக்கப்படும் வெளியீடு எது என்பதை முன்கூட்டியே வெளியீட்டுக் குறிப்பில் அறிவித்து, அதன் பின்னரே எடுத்துவிடுங்கள்.